கடலோரக் குடும்பங்களுக்கு ஓய்வும் வேத தியானமும்: ஒரு முழுமையான வழிகாட்டி

அதிகாலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் வேதம் வாசிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலையை விட்டு ஓய்ந்திருக்க வேண்டும் என்ற அறிவுரையை எல்லாச் சபைகளிலும் கேட்கிறோம். நல்ல அறிவுரைதான், ஆனால் அது அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்களின் கடிகாரத்தை வைத்துச் சொல்லப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் நம் கரையில் அதிகாலை 5 மணி என்பது பல வீடுகளில் படகு கரையேறும் நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை என்பது ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் மீன் ஏலம் நடக்கும் நேரம். இந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க முயன்று, சில வாரங்களில் கைவிட்டு, 'நமக்கு விசுவாசம் போதாது' என்று மனம் தளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். பெரும்பாலும் குறை விசுவாசத்தில் இல்லை. கால அட்டவணையில்தான் இருக்கிறது. ஓய்வையும் வேதவாசிப்பையும் காற்றையும் நீரோட்டத்தையும் படகு போகும் நாளையும் பார்த்து அமைத்துக்கொள்ள முடியும் என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கரையின் கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கர் மிகுதி. தென்னிந்தியத் திருச்சபையினரும் பெந்தெகொஸ்தே சபையாரும் உண்டு. ஆகவே புத்தகப் பெயர்களைப் பழைய மொழிபெயர்ப்பின்படி யாத்திராகமம், உபாகமம், சங்கீதம் என்று குறித்திருக்கிறேன்; திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பை வைத்திருப்போர் அவற்றை விடுதலைப் பயணம், இணைச்சட்டம், திருப்பாடல்கள் என்று தேடிக்கொள்ளலாம்.

முதற்படி: வேதம் எதை ஓய்வு என்கிறது என்று தெளிவாக அறிதல்

பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. ஓய்வுநாளுக்கு அவை சொல்லும் காரணமோ இரண்டிலும் ஒன்றல்ல. யாத்திராகமம் 20இல், தேவன் ஆறு நாளில் வானத்தையும் பூமியையும் சமுத்திரத்தையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது காரணம். உபாகமம் 5இல், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், உன் தேவன் உன்னை அங்கிருந்து விடுவித்தார் என்பது காரணம். இந்த இரண்டாவது காரணத்தை நம் பிரசங்கங்களில் குறைவாகவே கேட்கிறேன். நம் கரைக்கு அதிகம் பொருந்துவதும் அதுதான். அடிமைக்கு விடுமுறை கிடையாது. வேலையை நிறுத்தும் உரிமை விடுதலை பெற்றவனுக்கே உண்டு. வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்காக ஓய்வின்றி உழைக்கும் குடும்பத்துக்கு ஓய்வுநாள் கட்டளை முதலில் ஒரு விடுதலைச் செய்தியாகவே வந்து சேர வேண்டும்.

யாத்திராகமம் 34:21 இன்னும் ஒரு படி மேலே போகிறது. விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் கூட ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது அந்த வசனம். அதாவது, வேலை குறைந்த நாளில் மட்டுமல்ல, வருமானம் நிறைய வரும் நாட்களிலும் ஓய்வு உண்டு. 'மீன் படும்போது பிடித்துக்கொள்வோம், படாதபோது ஜெபிப்போம்' என்று நாம் வழக்கமாகச் சொல்லும் நியாயத்துக்கு இந்த வசனம் இடம் கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேலை இல்லாமல் இருப்பதும் ஓய்ந்திருப்பதும் ஒன்றல்ல. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டு, மீன்வளத் துறை அனுமதிச் சீட்டைக் கொடுக்காமல் நிறுத்தும் நாட்களிலும், வேலைநிறுத்த நாட்களிலும், படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. அந்த நாட்களில் ஆண்கள் கரையில் கூடிப் பேசிப் பொழுதைக் கழிக்கிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள், சிலர் மதுக்கடைக்குப் போகிறார்கள், எல்லோரும் கடனை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். உடல் வேலை செய்யவில்லை என்றாலும் மனம் ஒரு நிமிடமும் இளைப்பாறவில்லை. அப்படி ஒரு வாரம் கழித்தவர் மறுபடி படகேறும்போது முன்பைவிடக் களைத்தே போகிறார். ஓய்வு என்பது வேதத்தின்படி வேண்டுமென்றே ஒதுக்கிவைக்கும் நேரம். தற்செயலாக வந்து சேரும் வெறும் நேரத்தை ஓய்வாக மாற்றுவதற்கும் நாம் ஏதாவது செய்தாக வேண்டும்.

இரண்டாம் படி: உங்கள் வீட்டின் உண்மையான வாரத்தை எழுதிப் பார்த்தல்

சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அமாவாசையும் பௌர்ணமியும் குறித்திருக்கும். அதன்மேல் உங்கள் வீட்டு வேலையை ஒரு மாதத்துக்குக் குறித்துவாருங்கள்: யார் எப்போது கிளம்புகிறார், எப்போது திரும்புகிறார், எப்போது தூங்குகிறார்.

பாக் நீரிணைப் பக்கத்து விசைப்படகுகள் நாட்டுப்படகுகளோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி வழக்கமாகத் திங்கள், புதன், சனி ஆகிய 3 நாட்களில் கடலுக்குப் போய், மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. அப்படியானால் விசைப்படகில் வேலை செய்பவருக்குச் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகள் மீனை இறக்கிப் பங்கைக் கணக்குப் பார்க்கும் நேரம். அன்று மதியம் தூக்கம். வெள்ளி ஒன்றுதான் இடையூறு குறைந்த முழுநாள். நாட்டுப்படகுக்காரரின் வாரம் இதற்கு நேர்மாறு. பாசி எடுக்கும் பெண்களுக்கோ வாரக் கணக்கே பொருந்தாது. நீர் வற்றும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவர்களுக்குக் கடலில் மணிக்கணக்கான வேலை, இடைப்பட்ட நாட்களில் கரையில் வேலை. நண்டு வலையிலிருந்து நண்டு கழிக்கும் பெண்களின் நாள் வலை கரைக்கு வரும் நேரத்தில் தொடங்குகிறது. அது எத்தனை மணி என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது.

பருவமும் மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் காலத்தில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கொந்தளிக்கும். ஆகவே ஐப்பசியில் எழுதிய அட்டவணை ஆனியில் பயன்படாது. வருடம் முழுவதற்கும் ஒரே அட்டவணை போட முயலாமல், காற்று மாறும்போது அட்டவணையையும் மாற்றிக்கொள்வதுதான் அறிவுடைமை. ஒரு மாதம் குறித்துப் பார்த்தாலே எந்த வீட்டிலும் எதிர்பாராத இடங்களில் இடைவெளிகள் கிடைக்கும்: பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் வரும் முற்பகல், ஏலம் முடிந்து பணம் கைக்கு வருவதற்குக் காத்திருக்கும் அரைமணி, பேருந்தில் ராமநாதபுரம் சந்தைக்குப் போகும் பயணம்.

மூன்றாம் படி: ஓய்வுக்குரிய நாளைத் தீர்மானித்தல்

ஞாயிறா, சனியா என்ற வாக்குவாதத்தில் இக்கட்டுரை இறங்காது. ரோமர் 14:5இல் பவுல், ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமுடையவனாக இருக்கட்டும் என்று எழுதிவிட்டார். உயிர்த்தெழுதலின் நாளாகிய ஞாயிற்றில் சபை கூடுவது நம் பொது வழக்கம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் சபை கூடும் நேரத்தையும் உடல் இளைப்பாறும் நேரத்தையும் ஒரே நாளில் வைக்க முடியாத வீடுகளுக்கு அவற்றைப் பிரித்துவைக்கும் சுதந்தரம் உண்டு என்பது என் கருத்து. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு ஞாயிறு காலை ஆராதனையில் தலை தொங்கத் தூங்கும் சகோதரரை யாரும் குறை சொல்ல வேண்டாம். அவர் வந்திருப்பதே பெரிது. அவருக்கு வெள்ளிக்கிழமை மதியம் முதல் இரவு வரை ஓய்வு நேரமாக இருக்கலாம்.

ஞாயிறு காலையில் மீன் இறக்குவதும் விற்பதும் பாவமா என்று பலர் கேட்கிறார்கள். நெகேமியா 13:16ஐச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள்: தீரு பட்டணத்தார் எருசலேமுக்கு மீனைக் கொண்டுவந்து ஓய்வுநாளில் விற்றார்கள், நெகேமியா அதைத் தடுத்து வாசல்களைப் பூட்டினார். அந்தப் பகுதியை முழுவதும் வாசித்தால், அங்கே ஓய்வுநாளே சந்தை நாளாக மாறிவிட்டிருந்தது தெரியும். ஆலைகளை மிதித்தார்கள், தானியப் பொதிகளை ஏற்றினார்கள், அதற்காக நெகேமியா யூதாவின் பெரியவர்களையே கடிந்துகொண்டார். மறுபக்கம், லூக்கா 14:5இல் கிணற்றில் விழுந்த எருதை ஓய்வுநாளிலும் தூக்கிவிடுவீர்களே என்று இயேசு கேட்கிறார். பிடித்த மீனை வெயிலில் அழுகவிடுவது யாருக்கும் நன்மையல்ல. ஆகவே கரைக்கு வந்துவிட்ட மீனை இறக்கி விற்பதைத் தவிர்க்கமுடியாத வேலையாகவும், தள்ளிவைக்கக்கூடிய வலை பழுதுபார்த்தல், இயந்திரம் சரிசெய்தல், கடன் கணக்குப் பேசுதல் போன்றவற்றை மறுநாளுக்குரிய வேலையாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர் வாழும் சில மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் புறப்படுவதில்லை என்ற கட்டுப்பாடு இருக்கிறது. ஊர் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால் அங்கே யாரும் நஷ்டத்தைத் தனியாகச் சுமப்பதில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருந்தால் அதைக் கரையவிடாதீர்கள்.

முழுநாள் கிடைக்காவிட்டால் அரைநாள் போதும். அரைநாளும் முடியாவிட்டால் 4 மணி நேரத்தில் தொடங்குங்கள். 'ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது' என்று மாற்கு 2:27இல் இயேசு சொன்னது, அதன் அளவைக் குறித்து நம்மை நாமே வதைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கும் பொருந்தும்.

நான்காம் படி: முந்தின நாளிலேயே ஆயத்தம் செய்தல்

பெரும்பாலான குடும்பங்களில் திட்டம் உடையும் இடம் இதுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாத்திராகமம் 16இல் வனாந்தரத்தில் உணவாக மன்னா பெய்தபோது, ஒவ்வொரு நாளும் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சேர்க்க வேண்டும். ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்த்து, சுடவேண்டியதைச் சுட்டு, வேவிக்கவேண்டியதை வேவித்து வைக்கச் சொன்னார் மோசே. ஏழாம் நாளில் வெளியே போய்த் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஓய்வு ஏழாம் நாளில் தொடங்குவதாகத் தெரிந்தாலும், அதற்கான வேலை ஆறாம் நாளிலேயே முடிந்துவிடுகிறது.

நம் வீடுகளில் ஆறாம் நாளின் வேலை இப்படி இருக்கலாம். முதலில் தண்ணீர். ராமநாதபுரம் மாவட்டத்தில் குடிநீருக்காகக் குடத்தோடு நிற்பது புதிதல்ல. ஓய்வு நாளில் தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றால் பாதி நாள் போய்விடும். முந்தின நாளே குடங்களையும் தொட்டியையும் நிரப்பிவைக்க வேண்டும், இதில் ஆண்களும் பிள்ளைகளும் சேர வேண்டும். அடுத்து சமையல். மீன் குழம்பை முந்தின இரவே வைத்துவிட்டால் மறுநாள் புளிப்பும் உறைப்பும் மீனில் ஊறி இன்னும் ருசியாக இருக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. அன்று சோறு மட்டும் வடித்தால் போதும். துணி துவைத்தல், பிள்ளைகளின் சீருடை, வீட்டுப் பாடம், மளிகைச் சாமான் எல்லாம் அன்றைக்கே முடிய வேண்டும்.

பணமும் ஆயத்தத்தில் சேரும். ஒரு நாள் ஓய்ந்திருப்பதற்கு ஒரு நாள் கூலி செலவாகிறது; இதை மறைத்துப் பேசும் போதனை ஏழைகளைக் குற்றவுணர்வில் தள்ளிவிடும். பங்கு கைக்கு வரும் ஒவ்வொரு முறையும், சிறிதாயினும் ஒரு தொகையை ஓய்வு நாளின் உணவுக்கென்று தனியே எடுத்து, பானையிலோ உண்டியலிலோ போட்டுவையுங்கள். அந்தப் பணம் இருந்தால், 'இன்று போகாவிட்டால் நாளை சோறில்லை' என்ற பயம் அந்த ஒரு நாளுக்காவது விலகும்.

ஐந்தாம் படி: வீட்டில் யாருக்கு ஓய்வு கிடைக்கிறது என்று கேட்டல்

உபாகமம் 5:14 ஒரு பெரிய பட்டியலைத் தருகிறது: நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன். நீ இளைப்பாறுவதுபோல அவர்களும் இளைப்பாற வேண்டும் என்பதே அதன் கருத்து. இந்தப் பட்டியலை வீட்டில் சத்தமாக வாசித்து, நம் வீட்டில் ஓய்வு நாளில் வேலை செய்துகொண்டிருப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: அம்மா.

படகிலிருந்து வந்தவர் குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். அவர் பிடித்துவந்த மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்கப் போவதும், விற்காததை உப்பிட்டுக் கருவாடாக்கிக் காயப்போடுவதும், வந்து சமைப்பதும் பெண்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சிறிது படுக்கலாம் என்றால் அப்போதுதான் மகளிர் குழுக் கூட்டம் வைப்பார்கள். மார்த்தாள், மரியாள் கதையை (லூக்கா 10:38-42) நம் சபைகளில் பிரசங்கிக்கும்போது, மார்த்தாளைக் குறைசொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் மார்த்தாள் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: என் சகோதரி என்னைத் தனியே வேலை செய்ய விட்டிருக்கிறாளே. தனியே என்பதுதான் அவள் வருத்தம். வீட்டில் எல்லோரும் கைகொடுத்தால் மார்த்தாளும் உட்கார்ந்து கேட்கலாம். ஆகவே ஓய்வு நாளில் பாத்திரம் கழுவுவதையும் வீடு பெருக்குவதையும் மகன்களும் தகப்பனும் எடுத்துக்கொள்ள வேண்டும். இது அந்த நாளின் வழிபாட்டிலேயே ஒரு பகுதி என்று நான் கருதுகிறேன். படகு உரிமையாளர்கள் இதே கேள்வியைத் தம்மிடம் வேலை செய்யும் கூலியாட்களைக் குறித்தும், ஐஸ் உடைக்கும் பையன்களைக் குறித்தும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: முதலில் தூங்குதல்

களைத்த உடலோடு வேதத்தைத் திறப்பவர் இரண்டு வசனத்தில் தூங்கிவிடுவார். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. 1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக விரும்பியபோது, தேவதூதன் அவருக்கு முதலில் போதனை செய்யவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். தேவன் பேசியது அதற்கும் நாற்பது நாளைக்குப் பிறகு, ஓரேப் மலையில். இயேசுவும் பெருங்காற்றின் நடுவே படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு 4:38 சொல்கிறது. அலையில் ஆடும் படகில் அப்படித் தூங்க எவ்வளவு களைப்பு வேண்டும் என்பது நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எனவே ஓய்வு நேரத்தின் முதல் பகுதி தூக்கத்துக்கே. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். படகு இன்னும் திரும்பாத வீடுகளில் இது எளிதல்ல என்பது தெரியும். எல்லைக் கோட்டருகே இலங்கைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ, இயந்திரம் நின்றுவிட்டதோ என்று விடியவிடிய விழித்திருக்கும் மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் 'கவலைப்படாதே' என்று சொல்வது வெறும் வாய்ச்சொல். அவர்கள் தனியே விழித்திருக்காதபடி பார்த்துக்கொள்வதே நாம் செய்யக்கூடியது: பக்கத்து வீட்டார் இருவர் மூவர் சேர்ந்து 4ஆம் சங்கீதத்தை வாசித்து, ஒருவர் விழித்திருக்க மற்றவர்கள் முறை வைத்துத் தூங்கலாம். 'சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்' என்று முடியும் அந்தச் சங்கீதத்துக்கு 8 வசனங்களே, மனப்பாடமாகிவிடும்.

ஏழாம் படி: வேதத்தை எடுத்தல்

நேரத்தைச் சிறிதாக வையுங்கள். ஓய்வு நாளில் முக்கால் மணி நேரம்; மற்ற நாட்களில் பத்து நிமிடம். புத்தகத்தை அங்கங்கே திறந்து கண்ணில் படும் வசனத்தை எடுப்பதை விட்டு, ஒரு நூலைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசிப்பதே நல்லது. புதிதாகத் தொடங்குவோருக்கு மாற்கு ஏற்றது. 16 அதிகாரங்களே, பாதிக்கு மேல் கடலோரத்திலும் படகிலும் வழிநடையிலும் நடக்கும் கதை. கத்தோலிக்கர்கள் வரும் ஞாயிறு திருப்பலியின் நற்செய்தி வாசகத்தை முந்தின வாரமே எடுத்து, வாரம் முழுவதும் அதையே வாசித்தால், மறையுரையைக் கேட்கும்போது தாமே சிந்தித்தவற்றோடு ஒப்பிட முடியும்.

ஒரு பகுதியை எப்படிப் படிப்பது என்பதை லூக்கா 5:1-11ஐ வைத்துக் காட்டுகிறேன். முதலில் அதை நிறுத்தி நிதானமாக மூன்று முறை வாசிக்க வேண்டும். ஒரு முறையாவது சத்தமாக. பிறகு நோட்டுப் புத்தகத்தில், என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுத வேண்டும்; என்ன பொருள் என்பதற்கு இன்னும் நேரம் வரவில்லை. இரண்டு படகுகள் கரையருகே நிற்கின்றன. மீனவர்கள் இறங்கி வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். இயேசு சீமோனின் படகில் ஏறி, கரையிலிருந்து சற்றுத் தள்ளச் சொல்லி, உட்கார்ந்து போதிக்கிறார். போதித்து முடித்தபின் ஆழத்துக்குப் போய் வலை போடச் சொல்கிறார்.

அடுத்து, கேள்விகளை எழுதுங்கள். இங்கே நம் கரையின் வாசகருக்கு எந்த விளக்கவுரையும் இல்லாமலே சில காரியங்கள் புலப்படும். இரவு முழுவதும் மீன் படவில்லை. அவர்கள் வலையை அலசி முடிக்கும் நேரம் அது. வலையை மறுபடி போட்டால் மறுபடி அலச வேண்டும், மறுபடி காயவைக்க வேண்டும், தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். இரவில் படாத மீன் பகல் வெளிச்சத்தில் படுமா என்பது எந்த மீனவருக்கும் எழும் சந்தேகம். இத்தனையும் சீமோனுக்குத் தெரியும். அதன் பிறகுதான் 'ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்' என்கிறான். அந்த 'ஆகிலும்' எவ்வளவு களைப்பிலிருந்து வருகிறது என்பதை வலை அலசிய கை உடனே அறிந்துகொள்ளும். ஏழாம் வசனத்தில் மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டுகிறார்கள். வலை கிழியக் கிழியப் பட்ட மீனைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் அடுத்த படகை அழைக்கிறார்கள், இரண்டு படகும் நிறைகின்றன. எட்டாம் வசனத்தில் சீமோன் மகிழ்ச்சியால் துள்ளாமல் பயந்து முழங்காலில் விழுகிறான். ஏன்? இந்தக் கேள்வியை விடை தெரியாமலே நோட்டில் விட்டுவைக்கலாம்.

மூன்றாவதாக, இதோடு தொடர்புள்ள வேறொரு இடத்தைத் தேடுங்கள். தொடர்புள்ள வசனங்களைக் குறித்துத் தரும் ஒத்தவாக்கிய வேதாகமம் வைத்திருப்பவர்களுக்கு யோவான் 21 உடனே கிடைக்கும்: அங்கும் இரவு முழுவதும் ஒன்றும் படவில்லை, அங்கும் விடியற்காலை, ஆனால் இம்முறை 153 பெரிய மீன்கள் நிறைந்தும் வலை கிழியவில்லை; கரையில் கரிநெருப்பும் அதன்மேல் மீனும் அப்பமும் ஆயத்தமாயிருக்கின்றன. இரவு வேலை முடித்து வந்தவர்களை இயேசு, வாருங்கள், சாப்பிடுங்கள் என்று அழைக்கிறார். இரண்டு பகுதிகளிலும் எது ஒன்றுபோல இருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று இரண்டு பத்திகளாக எழுதினால், ஒரு மாதத்துக்குப் போதுமான தியானம் அதிலேயே இருக்கிறது.

கடைசியாக, அடுத்த வாரம் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். 'தேவனை அதிகமாக நம்புவேன்' என்று எழுதாமல், 'மீன் நிறையப் பட்டால் பக்கத்துப் படகைக் கூப்பிடுவேன்' என்பதுபோல எழுதுங்கள்.

எட்டாம் படி: 61 நாட்களை வீணாக்காதிருத்தல்

ஒவ்வோராண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காகக் கடலுக்கே விடப்படும் ஓய்வு அது. ஆறு வருடம் பயிரிட்ட நிலத்தை ஏழாம் வருடம் சும்மா விடச் சொல்லும் லேவியராகமம் 25ஐ நினைவுபடுத்துகிறது. படகைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பதும் சாயம் பூசுவதும் வலை பின்னுவதும் அந்த மாதங்களில் நடந்தாலும், இரவுத் தூக்கம் ஒழுங்காகக் கிடைக்கும் காலம் அதுவே. லூக்காவுக்கு 24 அதிகாரங்கள், அதன் தொடர்ச்சியாகிய அப்போஸ்தலர் நடபடிகளுக்கு 28, மொத்தம் 52. நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் 9 நாட்கள் மிஞ்சுகின்றன. அந்த 61 நாட்களுக்குள் 8 அல்லது 9 ஞாயிறுகள் வரும். ஞாயிறுகளில் புதிதாக ஒன்றும் வாசிக்காமல், வாரத்தில் விட்டுப்போனதை வாசித்துக்கொள்ளலாம். மே மாதத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளியும் நடக்கும். தகப்பனும் பிள்ளையும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் வேதம் படிக்கும் வாய்ப்பு வருடத்தில் வேறு மாதங்களில் அரிது. நாட்டுப்படகுக்காரருக்கு இந்தத் தடை இல்லை என்பதால், அவர்கள் தங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இதே திட்டத்தைப் பின்பற்றலாம்.

வாசிக்கத் தெரியாதவர்களும் கண் மங்கியவர்களும் விடுபட வேண்டியதில்லை. ஒலி வேதாகமம் கைப்பேசியில் கிடைக்கிறது. கரையை விட்டு விலகினால் சிக்னல் கிடைக்காது என்பதால் முன்னதாகவே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டிமாருக்குப் பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டுவது இன்னும் நல்லது. வலை பின்னும்போது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்பும்போதும் பேசச் சொல்கிறது உபாகமம் 6:7.

ஒன்பதாம் படி: திட்டம் உடையும்போது

உடையும். மாற்கு 6:31இல் இயேசு சீஷர்களைத் தனித்துச் சற்றே இளைப்பாற அழைத்துப் படகில் போகிறார்; ஜனங்கள் கரைவழியாக ஓடி அவர்களுக்கு முன்னே அங்கே வந்துவிடுகிறார்கள். அவர் எரிச்சலடையவில்லை, மனதுருகினார். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. மாலையில் சீஷர்களைப் படகேற்றி அனுப்பி, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, மலையின்மேல் ஜெபிக்கப் போனார். தடைபட்ட ஓய்வை அன்றைக்கே மீட்டுக்கொண்டார். நாமும் ஒரு வாரம் தவறினால் அடுத்த மாதத்துக்குத் தள்ளாமல், தவறிய நேரத்தை அதே வாரத்தில் எங்கேயாவது வைக்க வேண்டும். சாவு வீடு, மருத்துவமனை, உதவி கேட்டு வந்தவர் இவற்றால் உடைந்தால் அது இழப்பே அல்ல. தொலைக்காட்சியாலும் கைப்பேசியாலும் உடைந்தால் அதைப் பற்றிக் குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டும்.

பத்தாம் படி: சபையும் கத்தோலிக்கப் பங்கும் செய்ய வேண்டியது

இத்தனையையும் ஒவ்வொரு குடும்பமும் தனியாகச் செய்ய வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமல்ல. படகு ஞாயிறு காலையில் திரும்பும் ஊரில் ஆராதனை காலையில் மட்டும் இருந்தால், உழைப்பவர்கள் வருடம் முழுவதும் அரைத்தூக்கத்தில்தான் வசனத்தைக் கேட்பார்கள். ஞாயிறு மாலை ஓர் ஆராதனையோ திருப்பலியோ, வெள்ளி மாலை ஒரு வேதபாட வகுப்போ வைத்தால் வருகிறவர்கள் விழித்திருந்து கேட்பார்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் சிறு குழுவாகக் கூடும் அன்பியக் கூட்டங்களையும் வீட்டுக் கூட்டங்களையும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் வைத்தால் பாசி எடுக்கும் பெண்களில் ஒருவரும் வரமாட்டார்கள். நாட்காட்டியைப் பார்த்து வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் உபதேசியார்களுக்கும் ஞாயிறு வேலைநாள் என்பதால், அவர்களுக்குரிய ஓய்வு நாள் எது என்பதைச் சபையாரே அறிந்து, அன்று அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் இருக்க வேண்டும்.

இந்த நேர மாற்றங்களைத் தடைக்காலம் முடிவதற்கு முன், மே மாதக் கடைசியிலேயே சபைக் குழுவில் பேசி முடித்துவிடுங்கள். கூட்டத்துக்குப் படகு உரிமையாளர்களோடு கூலிக்குப் போகிறவர்களையும், மீன் விற்கும் பெண்களையும் அழையுங்கள். எந்த நேரம் தங்களுக்கு ஒத்துவரும் என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். ஜூன் 15க்குப் பிறகு கூட்டம் போட்டால் ஐஸும் டீசலும் ஏற்றும் அவசரத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள், மீதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.